வாசலில் சரிவுப்பாதை, மேடைக்கு ஐந்து படிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1988ஆம் ஆண்டு தொடங்கி 30 ஆண்டுகள் சிங்கப்பூரில் கட்டட வரைபடம் தயாரிக்கும் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஓய்வுபெற்ற மறு ஆண்டே நீரிழிவினால் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. அன்று முதல் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். கட்டடங்களை முதலில் தாளிலும் பிறகு கணினித் திரையிலும் மேலிருந்து பார்த்தே பழகிய எனக்கு, அமர்ந்த உயரத்திலிருந்து அவற்றைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் பல உண்மைகள் விளங்கின. அவற்றைப் பற்றி நம் சமூகத்தாரோடு பேச வேண்டும் என்று நெடுநாள்களாக எண்ணியிருந்தேன். சென்ற மாதம் நடந்த ஒரு திருமணம் இந்தக் கடிதத்தை எழுதவைத்துவிட்டது.

திருமணம் என் தங்கை மகளுக்கு. தாய்மாமன் என்ற முறையில் மேடையேறி மாலையும் சீரும் கொடுக்க வேண்டியவன் நான். மண்டபத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. ஏனென்றால் பிற மண்டபங்களோடு ஒப்பிட்டால் அது நல்ல மண்டபமே. வாசலில் கைப்பிடியோடு கூடிய சரிவுப்பாதை இருந்தது, மின்தூக்கி இருந்தது, உடற்குறையுள்ளோருக்கான கழிவறையும் தூய்மையாக இருந்தது. மணமேடைக்கு மட்டும் ஐந்து படிகள். அவற்றை விட்டால் வேறு வழி இல்லை. “மாமா, கவலப்படாதீங்க, நாங்க தூக்கிக்கிறோம்” என்று நான்கு இளைஞர்கள் ஓடிவந்தார்கள். அன்பான பிள்ளைகள். மூன்றாவது படியில் நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கையில் மாலை இருந்ததால் எதையும் பிடித்துக்கொள்ள முடியாமல், அதை நெஞ்சோடு அணைத்தபடி, முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க அந்தரத்தில் இருந்தேன். சீர் கொடுத்து முடித்ததும் அதேபோல இறக்கிவிட்டார்கள். பிறகு குடும்பப் புகைப்படத்துக்காக மறுபடியும் அழைத்தபோது நான் போகவில்லை. என் தங்கை அழுதாள். அவள் காலமெல்லாம் எடுத்து எடுத்துப் பார்க்கப்போகும் அந்தப் படத்தில் அவளுடைய அண்ணன் இல்லை.

குறையைச் சொல்வதற்கு முன் இந்த நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நன்றி மறந்தவன் ஆவேன். அங் மோ கியோவில் பழைய அடுக்குமாடி புளோக் ஒன்றின் ஆறாவது மாடியில் குடியிருக்கிறேன். 1990க்கு முன்பு கட்டப்பட்ட பல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளைப் போல எங்கள் புளோக்கிலும் முன்பெல்லாம் மின்தூக்கி ஒருசில மாடிகளில் மட்டுமே நிற்கும். எங்கள் மாடியில் நிற்காது. இரு கால்களும் நலமாக இருந்த அந்தக் காலத்தில் அது எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் எங்கள் புளோக்கிலும் மாடிதோறும் மின்தூக்கி நிற்கத் தொடங்கியபோது, அது பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு நல்லது என்றுதான் நினைத்தேன். அந்த மின்தூக்கி இல்லாதிருந்தால் இன்று நான் வீட்டை விற்றிருக்க வேண்டும், அல்லது வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்திருக்க வேண்டும்.

ரயிலும் அப்படித்தான். 1987 நவம்பரில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட ஐந்து பெருவிரைவு ரயில் நிலையங்களுள் அங் மோ கியோ ஒன்று. தரைக்கு மேலே உயரத்தில் அமைந்த அந்த நிலையத்துக்குச் சக்கர நாற்காலியில் செல்ல அப்போது வழியில்லை. பழைய நிலையங்களிலெல்லாம் மின்தூக்கி பொருத்தும் முடிவு 1999இல் எடுக்கப்பட்டு, 2006க்குள் ஒவ்வொரு நிலையத்திலும் குறைந்தது ஒரு தடையற்ற நுழைவாயிலாவது அமைந்துவிட்டது. 2003இல் திறக்கப்பட்ட வடகிழக்கு ரயில் பாதை தொடக்கத்திலிருந்தே உடற்குறையுள்ளோரையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏறும் வசதி 2006இல் வந்தது. 2020ஆம் ஆண்டு முடிவதற்குள் பொதுப் பேருந்துகள் அனைத்தும் அந்த வசதியைப் பெற்றுவிட்டன. மழை கொட்டும் மாலையில் ஓட்டுநர் தம் இருக்கையை விட்டு இறங்கிவந்து, சரிவுப் பலகையை விரித்து, நான் ஏறியபின் நாற்காலி சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய் அமரும் ஒவ்வொரு முறையும் நான் மனத்துக்குள் கைகூப்புகிறேன்.

இவ்வளவு இருந்தும் ஒரு தாய்மாமன் ஏன் அந்தரத்தில் தொங்க நேர்ந்தது? தொழில்முறையில் இதற்கு எனக்குத் தெரிந்த விடையைச் சொல்கிறேன். வசதிகளை நாம் கட்டடம் கட்டடமாக எண்ணுகிறோம். இந்தக் கட்டடத்தில் சரிவுப்பாதை உண்டு, அந்தக் கட்டடத்தில் கழிவறை உண்டு என்று பட்டியலில் குறித்துக்கொள்கிறோம். சக்கர நாற்காலியில் இருப்பவரோ வீட்டுக் கதவிலிருந்து புறப்பட்டு, போய்ச்சேர வேண்டிய இடம்வரை ஒரே வழியாகப் பயணம் செய்கிறார். அந்த வழியில் 99 பங்கு சரியாக இருந்து கடைசியில் ஒரேயொரு படி குறுக்கிட்டாலும் அவர் போய்ச்சேரவில்லை. அந்த மண்டபத்தில் வசதி உண்டா என்று கேட்டால் உண்டு என்றுதான் யாரும் சொல்வார்கள், சொல்வதும் பொய்யாகாது.

கட்டடங்களில் தடையற்ற வழி அமைப்பதற்கான முதல் விதித்தொகுப்பு சிங்கப்பூரில் 1990இல் வந்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டே ஆண்டுகள். வரைபடம் ஏறக்குறைய முடிந்தபின் எங்காவது ஓரிடத்தில் சரிவுப்பாதையைச் செருகுவதுதான் அன்று எங்களுடைய வழக்கமாக இருந்தது. முன்வாசலில் இடம் இல்லையென்றால் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் வைக்கும் இடத்தை ஒட்டி அமைத்திருக்கிறோம். அப்படி நான் வரைந்த கட்டடம் ஒன்றுக்குள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பின்வழியாகவே நுழைய நேர்ந்தது. நான் போட்ட கோடு எனக்கு முன்னால் சிமெண்டாக நின்றது. விதியை நான் மீறவில்லை. ஆனால் அந்தக் கோட்டைப் போட்ட நாளில், அதன்மீது ஒரு மனிதர் தம் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார் என்று ஒரு கணமும் எண்ணியதில்லை. விதித்தொகுப்பு 1995, 2002, 2007, 2013, 2019 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டு, இப்போது கண்பார்வைக் குறை, செவித்திறன் குறை, குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் ஆகியவற்றையும் கருத்தில் கொள்கிறது. புதிய கட்டடங்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. நம்முடைய வாழ்க்கையின் பெரும்பகுதி பழைய கட்டடங்களில் நடக்கிறது என்பதுதான் என் கவலை.

நம் கடைத்தெருவான தேக்காவையே எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங் மோ கியோவில் ரயிலேறி, தோபி காட்டில் மாறி, லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்குகிறேன். அதுவரை யாருடைய உதவியும் எனக்குத் தேவைப்படுவதில்லை. ஈரச்சந்தையில் தரை ஈரமாக இருந்தாலும் மீனும் கீரையும் என்னால் வாங்க முடிகிறது. சாலையைக் கடக்கும் இடங்களில் ‘கிரீன் மேன் பிளஸ்’ கருவி பொருத்தப்பட்டிருந்தால், சலுகைப் பயண அட்டையை அதில் தட்டியதும் கடப்பதற்கு 3 முதல் 13 விநாடிகள்வரை கூடுதல் நேரம் கிடைக்கிறது. கடைவரிசைக்கு வந்ததும் ஐந்தடி நடைபாதை தொடங்குகிறது. அங்கே என் பயணம் அறுந்துபோகிறது.

ஐந்தடியின் வரலாறு பலருக்கும் தெரிந்திருக்கும். நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் நகரத் திட்டத்துக்கு வகுத்த நெறிகளில், கடைவீடுகளின் முகப்பில் கூரையிட்ட தாழ்வாரம் விடப்பட வேண்டும், தெருவின் இரு பக்கமும் அது இடைவிடாமல் தொடர்ந்து செல்லும் திறந்த வழியாக இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. தொடர்ச்சிதான் அதன் உயிர். ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் காலப்போக்கில் தத்தம் விருப்பப்படி தரையை உயர்த்தினார்கள். ஒருவர் ஓடு பதித்தார், இன்னொருவர் மழைநீர் உள்ளே வராமலிருக்க ஒரு சாண் ஏற்றினார், மூன்றாமவர் பழைய மட்டத்திலேயே விட்டுவிட்டார். இப்போது பத்துக் கடைகளைக் கடப்பதற்குள் நாலைந்து இடங்களில் ஏற்றமும் இறக்கமும் குறுக்கிடுகின்றன. நடப்பவருடைய கால் அதைத் தானாகவே சரிசெய்துகொள்வதால் கண்ணில் படுவதில்லை. நான் அந்த இடத்தில் சாலைக்கு இறங்கி, லாரிகளுக்கும் நிறுத்தியிருக்கும் கார்களுக்கும் நடுவே போக வேண்டும். இறங்குவதற்கும் எல்லா இடத்திலும் வழி கிடையாது. வந்த வழியே திரும்பிப் போய்த்தான் இறங்க வேண்டும்.

லிட்டில் இந்தியா 1989 முதல் பாதுகாக்கப்பட்ட மரபு வட்டாரம் என்பதால் எதையும் மாற்ற முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். மரபைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு அவர்களைவிட அக்கறை குறைவு இல்லை. அந்த முகப்புகளை வரைந்து வரைந்துதான் நான் தொழில் கற்றேன். ஆனால் படிகளின் மேடு பள்ளத்தில் மரபு இல்லை. தொடர்ந்து செல்லும் வழிதான் மரபு. அதை மீட்பது கடைவீட்டின் முகத்துக்கு ஒரு குறையும் செய்யாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சரிவுப்பாதைக்குப் பொதுவாகக் கொள்ளும் விகிதம் 1:12. அதாவது 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். ஐந்தடி என்பது ஏறக்குறைய 1.5 மீட்டர் அகலம். ஆகவே கடைவாசலில் குறுக்காகச் சரிவு கட்டினால் அது நடைபாதையையே அடைத்துவிடும், கட்டவும் கூடாது. ஆனால் இரண்டு கடைகளுக்கு இடையிலுள்ள மட்ட வேறுபாட்டை நடைபாதையின் நீளவாக்கில் சரித்து இணைத்துவிட முடியும். அதற்கு வேண்டிய நீளம் ஒரு கடையின் முகப்புக்குள்ளேயே கிடைக்கும். அதைச் செய்யாததற்குக் காரணம் பொறியியல் இல்லை. அந்த மேடு இரண்டு கடைகளின் எல்லையில் இருக்கிறது. இந்தக் கடைக்காரர் அது அவருடையது என்கிறார், அந்தக் கடைக்காரர் இது இவருடையது என்கிறார். இருவரும் என்னிடம் நல்லவர்களே. ஒருவர் என்னைக் கண்டால் வெளியே வந்து காய்கறி எடுத்துக் கொடுப்பார். இன்னொருவர் தேநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் இருவரும் கூடிப் பேசினால் அந்த மேடு போய்விடும் என்று எனக்குத் தோன்றும்.

பழைய கட்டடங்களின் உரிமையாளர்களுக்கு உதவுவதற்காகக் கட்டட, கட்டுமான ஆணையம் 2007இல் 40 மில்லியன் வெள்ளி நிதியை ஏற்படுத்தியது. சரிவுப்பாதை, கழிவறை போன்ற அடிப்படை வசதிகளை அமைக்க ஆகும் செலவில் 80 விழுக்காடுவரை அது ஏற்றது. நான் பணியில் இருந்த காலத்தில் பெரிய கட்டடங்களின் உரிமையாளர்கள் அதைத் தேடிவந்து கேட்டதுண்டு. சிறிய கடைவைத்திருக்கும் நம்மவர் ஒருவர்கூட என்னிடம் அதைப் பற்றி விசாரித்ததாக நினைவில்லை. லிட்டில் இந்தியாவின் லிஷா போன்ற வணிகர் அமைப்பு ஒரு தெருவை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் ஐந்தடி முழுவதையும் ஒரே வேலையாக அளந்து, கடைக்காரர்கள் அனைவரின் சார்பிலும் ஆணையத்தையும் நகர மறுசீரமைப்பு ஆணையத்தையும் அணுகினால், தனித்தனியாக ஒருவராலும் முடியாதது கைகூடும். அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கும் வேலையைக் கட்டணமின்றிச் செய்ய நான் ஆயத்தமாக இருக்கிறேன். என் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மட்டம் சரியாக இருக்கும் இடங்களிலோ சரக்கு தடுக்கிறது. வெங்காய மூட்டை, தள்ளுபடிப் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலி ஆகியவை ஐந்தடியை அடைத்துக்கொள்கின்றன. தீபாவளி நெருங்கும் வாரங்களில் விளக்கொளியும் கூட்டமும் கண்கொள்ளாக் காட்சி. ஆனால் தற்காலிகக் கடைகளுக்காகப் போடும் மேடைப் பலகையின் விளிம்பும் தரையில் ஓடும் மின்கம்பிகளின் மேல்மூடியும் எனக்குச் சுவர் போன்றவை. தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரங்கள் நான் தேக்கா பக்கமே போவதில்லை. நம் பண்டிகைக்கு நம் கடைத்தெருவுக்குப் போகாமலிருப்பதைவிட வருத்தம் தருவது எனக்கு வேறு இல்லை.

கழிவறையைப் பற்றி எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதாமல் விட முடியாது. வெளியே போகலாமா வேண்டாமா என்பதை எங்களில் பலருக்கும் முடிவு செய்வது அதுதான். வெளியே போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமலிருப்பவர்கள் இருக்கிறார்கள். உடற்குறையுள்ளோர் கழிவறை பெரிதாக இருப்பது வசதிக்காகச் செய்த ஆடம்பரம் என்று சிலர் எண்ணுகிறார்கள். நாற்காலியைச் சுற்றித் திருப்ப ஏறக்குறைய 1.5 மீட்டர் விட்டம் வேண்டும்; மலம் கழிக்கும் இருக்கைக்குப் பக்கத்தில் நாற்காலியை ஒட்டி நிறுத்தி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு உடலை இங்கிருந்து அங்கே நகர்த்த இடம் வேண்டும். அந்த இடத்தில்தான் துடைப்பமும் வாளியும் பெரிய குப்பைத்தொட்டியும் வைக்கப்படுகின்றன. சில இடங்களில் கதவு பூட்டியிருக்கும். சாவி காவலரிடம் இருக்கும். காவலர் வேறு மாடியில் இருப்பார். விழுந்தால் இழுப்பதற்காக விடப்பட்ட அபாயக் கயிறு, துடைக்கும்போது இடைஞ்சல் என்று மேலே சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். தரையில் கிடப்பவர் எட்டிப் பிடிப்பதற்காகவே அது தரைவரை தொங்குகிறது என்பதைத் துப்புரவு செய்யும் அன்பர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இந்தக் குறைகளைக் களையக் கல்லும் வேண்டாம், சிமெண்டும் வேண்டாம்.

பார்வையற்றவர்களின் நிலை எனக்கு அனுபவமில்லாதது. ஆனால் வரைபடத்தில் அவர்களுக்காகச் செய்ததைச் சொல்ல முடியும். நடைபாதையின் விளிம்பைச் சாலை மட்டத்துக்குச் சரித்துவிட்டால் எனக்கு நல்லது. கைக்கோலால் அந்த விளிம்பைத் தட்டித்தான் சாலை தொடங்குகிறது என்று அறியும் பார்வையற்றவருக்கோ அது ஆபத்து. இரண்டையும் சேர்த்துத் தீர்க்கவே அங்கே புள்ளிகள் புடைத்த ஓடுகளைப் பதிக்கிறோம். புள்ளி என்றால் நில். நீளக் கோடு என்றால் இவ்வழியே நட. 1967இல் ஜப்பானின் ஒக்காயாமா நகரில் முதன்முதலில் பதிக்கப்பட்ட இந்த ஓடுகளைச் சிங்கப்பூரில் ரயில் நிலையங்கள் அனைத்திலும் காணலாம். அவற்றின்மேல் சைக்கிளை நிறுத்துவதும் விளம்பரப் பலகையை வைப்பதும் ஒருவருக்குச் சாலையின் நடுவே கண்ணைக் கட்டிவிடுவதற்குச் சமம்.

கோயில்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், பணிவோடு சொல்கிறேன். சிங்கப்பூரில் பல கோயில்கள் முதியோருக்கும் நடக்க இயலாதோருக்கும் இயன்றதைச் செய்துவருகின்றன. ஆயினும் வாயிற்படியைத் தாண்ட முடியாமல் வெளியிலிருந்தே கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். தெருவில் உருண்ட சக்கரம் உள்ளே வரலாமா என்ற தயக்கம் ஒருபுறம் இருக்கிறது. அது நியாயமான தயக்கமே. நாம் கால் கழுவும் குழாயடியிலேயே சக்கரத்தையும் கழுவித் துடைக்க ஓர் இடம் விட்டால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடும். கருவறையையோ ஆகம விதிகளையோ இது தொடாது. வாயிலிலிருந்து பிரகாரம்வரை போக ஒரு வழி, அவ்வளவுதான். குடமுழுக்கு ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பதால், திருப்பணிக் குழு முதன்முதலாகக் கூடி வரைபடத்தைப் பார்க்கும் அந்த நாளில் இதைக் கேட்டுவிட வேண்டும். அன்று தவறவிட்டால் இன்னும் 12 ஆண்டுகள் ஆகும். என் வயதில் உள்ளவருக்கு 12 ஆண்டு என்பது சின்ன கணக்கு அன்று.

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லும்போது நம்மவரிடமிருந்து வரும் மறுமொழி ஏறக்குறைய ஒன்றுதான்: “தூக்கிவிடத்தான் ஆள் இருக்கே.” இதைச் சொல்கிறவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள், செய்தும் காட்டுகிறார்கள். நம் சமூகத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. கைகொடுக்க யாரையும் அழைக்க வேண்டியதுமில்லை. ஆனால் நான் சில காலமாக இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். தூக்கிவிட ஆள் இருப்பதனாலேயே நமக்குச் சரிவுப்பாதையின் தேவை தெரியாமல் போய்விட்டதோ என்று ஐயுறுகிறேன். தூக்கப்படுகிறவர் எப்போது போவது, எப்போது திரும்புவது என்பதைத் தாமே முடிவு செய்ய முடியாது. நான்கு பேர் ஓய்வாக இருக்கும் நேரம்தான் அவருடைய நேரம். ஒருமுறை கேட்கலாம், இரண்டாம் முறை கேட்க நா எழாது. புகைப்படத்துக்கு அழைத்தபோது நான் மேடைக்குப் போகாததன் காரணம் அதுதான், கோபம் இல்லை. மின்சக்கர நாற்காலியோ அதில் இருப்பவரையும் சேர்த்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். அதைத் தூக்கும் இளைஞரின் முதுகுக்கும் நல்லதில்லை, தூக்கப்படுகிறவரின் உயிருக்கும் நல்லதில்லை.

மேடைக்குத் தீர்வு என்ன என்று கேட்பார்கள். ஐந்து படி என்றால் 75 செ.மீ.; 1:12 கணக்கில் ஒன்பது மீட்டர் சரிவு வேண்டும், நடுவில் இளைப்பாறும் சமதளமும் வேண்டும். பெரும்பாலான மண்டபங்களில் அதற்கு இடம் இராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்கவாட்டில் சிறிய மேடைத்தூக்கி ஒன்றைப் பொருத்தலாம். அதற்கும் வசதியில்லையென்றால் மேடையையே இரண்டு படி உயரத்துக்குத் தாழ்த்தலாம், அப்போது 3.6 மீட்டர் போதும், விழா நாளில் கொண்டுவந்து வைத்து, பிறகு மடித்து எடுத்துவிடக்கூடிய சரிவுப் பலகையே அதற்குப் போதுமானதாகிவிடும். மணமக்களை 300 பேரும் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே மேடையை உயர்த்துகிறோம்? இப்போது எல்லா மண்டபங்களிலும் பெரிய திரை வைத்திருக்கிறார்கள். தமிழ் நிகழ்ச்சிகளின் மேடைகளுக்கும் இது பொருந்தும். பேச்சாளராக அழைக்கப்பட்ட ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தபோது, அவரை மட்டும் கீழே அமர்த்திப் பேசவைத்த நிகழ்ச்சி ஒன்றில் நான் இருந்தேன். அவர் அருமையாகப் பேசினார். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு அவர் முகம் தெரியவில்லை.

உடற்குறையுள்ளோர் உரிமைகள் குறித்த ஐக்கிய நாட்டு உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2012இல் கையெழுத்திட்டு, 2013இல் அதை உறுதிசெய்தது. அதன் 9ஆவது பிரிவு கட்டடங்களையும் போக்குவரத்தையும் பற்றிப் பேசுகிறது. பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பண்பாட்டு வாழ்க்கையில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதைப் பற்றி 30ஆவது பிரிவு பேசுகிறது. முதலாவதை அரசாங்கம் பெரும்பாலும் செய்துகொண்டிருக்கிறது. இரண்டாவதை எந்த ஆணையமும் நமக்காகச் செய்து தர முடியாது. திருமணமும் திருவிழாவும் பட்டிமன்றமும் நூல் வெளியீடும் நாம் நடத்துபவை. நாம்தான் அவற்றுக்கு வழி வைக்க வேண்டும். 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். நீரிழிவு நம் இந்தியச் சமூகத்தை எவ்வளவு வாட்டுகிறது என்பதையும் நாம் அறிவோம். எனவே நான் எனக்காக மட்டும் கேட்கவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கவே இவ்வளவும் எழுதினேன். தங்கள் நாளிதழில் வெளிவரும் நிகழ்ச்சி அறிவிப்புகளை வாரந்தோறும் தவறாமல் படிக்கிறேன். நாள், நேரம், முகவரி, சிறப்புரையாளர் பெயர், அனுமதி இலவசம், தேநீர் விருந்து உண்டு என்பதெல்லாம் அதில் இருக்கும். படி உண்டா இல்லையா என்பது மட்டும் இராது. ஏற்பாட்டாளருக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால், “வாங்க ஐயா, பாத்துக்கலாம்” என்பார்கள். அவர்கள் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். அறிவிப்பை அனுப்புகிறவர்கள் அதோடு மூன்று செய்திகளையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று தாங்கள் கேட்டுக்கொள்ளலாம்: சக்கர நாற்காலி எந்த வாயில் வழியாக வரலாம், அரங்கு உள்ள மாடியில் உடற்குறையுள்ளோர் கழிவறை உண்டா, மேடைக்குப் படியின்றி ஏற வழி உண்டா. காது கேளாதோருக்குச் சைகை மொழிபெயர்ப்போ திரையில் எழுத்தோ இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டே வரிகள் ஆகும். வசதி இல்லையென்றால் ‘இல்லை’ என்று அச்சிட்டாலும் எனக்கு நல்லதுதான். வீட்டிலிருந்து கிளம்பி, இரண்டு ரயில் மாறி, வாசலில் போய் நின்று தெரிந்துகொள்ளும் நிலை இராது. ஆனால் ‘இல்லை’ என்று தம் பெயரின்கீழ் அச்சாவதை விரும்பாத ஏற்பாட்டாளர்கள், அதற்கு முன்பாக மண்டபத்துக்கு ஒருமுறை போய் வாசலிலிருந்து மேடைவரை நடந்து பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

தமிழ்மொழி விழா ஆண்டுதோறும் ஏப்ரலில் வருகிறது. அதற்கான அறிவிப்புகள் வரத் தொடங்கும்போதே இந்த இரண்டு வரிகளையும் கேட்டு வாங்கத் தொடங்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன். திருமண அழைப்பிதழ் அச்சிடுவோரும் முகூர்த்த நேரத்துக்குக் கீழே ஒரு வரிக்கு இடம் விடலாம். என் தங்கையின் இளைய மகளுக்கு அடுத்த ஆண்டு திருமணம் பேசியிருக்கிறார்கள்; மண்டபம் இன்னும் முடிவாகவில்லை. இந்த முறை முன்பணம் கொடுப்பதற்கு முன்பு என்னை அழைத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
அங் மோ கியோ